இமை வைத்த கன்றுக்குட்டி

எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு வனாந்தர நாடகம் எழுதியது நான். மோசே மலையில் இருந்தபோது ஜனங்கள் கும்பிடப் பொன் கன்றுக்குட்டி செய்து கொடுத்த ஆரோன் வேஷமும் எனக்கே. கூட்டம் கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டு, பிறகு சாக்குச் சொல்வதில் எனக்குக் கல்லூரியில் நல்ல பயிற்சி இருந்தது.

இறங்கி வந்து அந்தக் கன்றுக்குட்டியை உடைக்கும் மோசே, ஜெயராஜ் அண்ணன். பீங்கான் பட்டறையில் அச்சில் மண்பால் ஊற்றி ஃபியூஸ் கட்டை வார்ப்பவர். கன்றுக்குட்டியையும் அவரிடமே கேட்டோம்.

"ஒடைக்கத்தானே ஜெயராஜு, பச்ச மண்ணே போதும்" என்றார் உபதேசியார்.

ஆனால் ஃபியூஸ் கட்டைக்கு இமை கிடையாது. கன்றுக்குட்டிக்கு உண்டு. அண்ணன் ஒவ்வொரு இமையாகக் கீறி, மஞ்சள் கிளேஸ் பூசி, சூளையில் வைத்துச் சுட்டே கொண்டுவந்துவிட்டார். அமிர்தம் அண்ணி அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எம் மூஞ்சிய ஒரு நாளாவது இப்பிடி உத்துப் பாத்திருப்பீங்களா?"

"மாட்டுக்கு இமை எங்க முடியுதுன்னு பாக்க வேண்டியிருந்துது."

"நல்லா இருக்குது நாயம்."

நாடகத்தன்று மோசே மலையிலிருந்து இறங்கி, கற்பலகைகளைப் போட்டு உடைத்தார். அவை பச்சை மண், அழகாக உடைந்தன. அடுத்து கன்றுக்குட்டியைத் தலைக்கு மேல் தூக்கினார். தூக்கியபடியே நின்றார். பிறகு மெதுவாகக் கீழே வைத்துத் துண்டால் மூடினார்.

சபை முழுவதும் மூச்சு விட்டது. "ஸ்தோத்திரம்" என்று யாரோ சொன்னார்கள்.

அதன் பிறகு, காணிக்கையாக வந்த பொருள்களுக்கு வழக்கமான ஏலம். பூசணி போனது, சேவல் போனது, வேப்பூர்க்காரர் கொண்டுவந்த வேர்க்கடலை மூட்டை போனது. கடைசியில் எவனோ கன்றுக்குட்டியையும் மேசையில் தூக்கி வைத்துவிட்டான். சேவலுக்கு வாய் திறக்காதவர்கள் எல்லாம் கை தூக்கினார்கள். எல்லோருக்கும் மேலே ஏற்றிக்கொண்டே போன குரல், ஒட்டுத்தாடியைக்கூடக் கழற்றாத ஜெயராஜ் அண்ணனுடையது.

"மோசேவே ஏலம் கேக்கறாரு பாருங்க" என்றாள் அமிர்தம் அண்ணி.

பெண்கள் பக்கம் சிரித்தது. உபதேசியார் சிரிக்கவில்லை. "இஸ்ரவேலருக்குக் கர்த்தர் சொன்ன தேசத்துக்குப் போய்ச் சேர நாப்பது வருசம் ஏன் ஆச்சுன்னு நாளைக்குப் பிரசங்கம் வெச்சிருந்தேன். இனிமே வாணாம். எல்லாரும் பாத்துட்டோம்."

ஏலம் அப்படியே நின்றது. அண்ணன் தாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். கன்றுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு கோயில் வாசலுக்குப் போனார். இமையை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு மணி கட்டியிருந்த கல்தூணில் ஓங்கி அடித்தார். சுட்ட பீங்கான் ஆயிற்றே, மூன்றாவது அடிக்குத்தான் உடைந்தது. துண்டுகளைப் பொறுக்கிச் சாக்கில் கட்டிக்கொண்டார்.

"எங்க எடுத்தும் போறீங்க, ஒட்டவா?" என்றாள் அண்ணி.

"அரைக்க."

உடைந்த பீங்கானை வீணாக்காமல் அரைத்துப் புது மண்ணில் கலப்பது பட்டறை வழக்கம். அடுத்த மாதமே கோயிலுக்குப் புதுக் கோப்பைகள் வந்தன. மோசே கன்றுக்குட்டியைப் பொடியாக்கித் தண்ணீரில் தூவி ஜனங்களைக் குடிக்க வைத்தான் என்று யாத்திராகமத்தில் இருக்கிறது. எங்களுக்கு டீ, சர்க்கரையோடு.

அமிர்தம் அண்ணி ஊற்றிக்கொண்டே வந்தாள். ஜெயராஜ் அண்ணன் கோப்பையை நீட்டிவிட்டு, கோப்பையைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா பாக்கறீங்க?"

"இமை எங்க முடியுதுன்னு."

டீ வழிந்து அண்ணன் கைமேல் கொட்டியது. அப்போதும் அவர் கோப்பையைக் கீழே போடவில்லை.