துருவாசனுக்கு ஒரு பக்கம்

துருவாசனின் எடை என்ன என்று காலை பத்து மணிக்கு என்னிடம் கேட்டார்கள். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் நான் பெற்றுப்போட்ட வில்லன் அவன். பெற்றவனுக்குப் பிள்ளையின் எடை தெரியாமல் இருக்குமா என்கிற தோரணையில் ஆசிரியர் என் மேசைக்கு எதிரே பேனாவோடு நின்றார். எழுபது கிலோ என்றேன். அது என் எடை. அவசரத்துக்கு வேறு எண் வாயில் வரவில்லை. உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம் என்றேன். அது என் அண்ணனின் உயரம். அது அவசரத்தில் வந்ததல்ல.

எங்கள் படக்கதை நிறுவனம் கைமாறியபோது நாற்காலிகளோடும் மேசைகளோடும் சேர்த்து என்னையும் புது முதலாளி எடுத்துக்கொண்டார். எனக்கு மேலே, என் வயதில் பாதி வயதில், ஓர் ஆசிரியர் வந்தார். நல்ல பெண். என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். குறுக்கெழுத்துப் புதிரைத் தவிர வேறு எதையும் நம்பித் தரமாட்டார். அவருக்குத்தான் அந்த யோசனை வந்தது. பழைய இதழ்களில் வந்த வில்லன்கள் எல்லாரையும் திரட்டி, ஆளுக்கு ஒரு பக்கம், கெட்டி அட்டை, வழவழ தாள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு படம். கீழே பெயர், எடை, உயரம், சக்தி, குற்றம், முடிவு. பள்ளிக்கூட அடையாள அட்டை மாதிரி. குற்றம் என்ற இடத்தில் மட்டும் நாலு வரி எழுதலாம். மொத்தம் அறுபத்தொரு வில்லன்கள். வாசகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி வரிசைப்படுத்தியதில் துருவாசனுக்குக் கிடைத்த இடம் அறுபத்தொன்று. அவனுக்கு விழுந்த ஒரே வாக்கு யாருடையது என்று நான் விசாரிக்கவில்லை. போட்டவனே விசாரிப்பது அழகல்ல.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன், அதாவது, எல்லாருக்காகவும். துருவாசன் தொட்டால் இரும்பு துருப்பிடிக்கும். அவ்வளவுதான் சக்தி. பூட்டு, பாலம், ரயில் எதுவானாலும் தொட்ட இடத்தில் பொலபொலவென்று உதிரும். ஆனால் கொஞ்சம் நேரமெடுக்கும். அந்த நேரத்துக்குள் கதாநாயகன் வந்துவிடுவார். (கதாநாயகனின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவருக்கு ஏற்கெனவே தண்ணீர் பாட்டில், பென்சில் பெட்டி, போர்வை எல்லாவற்றிலும் இடம் இருக்கிறது.) இருபத்தெட்டாம் இதழில் வந்தான், முப்பத்தொன்றாம் இதழில் போனான். வாசகர் கடிதம் மொத்தம் இரண்டு. 'எங்கள் வீட்டுக் கேட்டும் துருப்பிடித்திருக்கிறது, இவன் எங்கள் தெருவுக்கு வந்தானா?' என்று ஒன்று. இன்னொன்று முகவரி தவறி எங்களுக்கு வந்தது. முப்பத்தொன்றாம் இதழின் கடைசிக் கட்டத்தில் கதாநாயகன் அவனைத் தண்ணீர்த் தொட்டிக்குள் தள்ளி மூடியைச் சாத்தினார். கீழே 'தொடரும்' என்று போட்டோம். தொடரவில்லை. முடிவு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று ஆசிரியர் கேட்டபோது, "உள்ளேதான் இருக்கான்" என்றேன்.

அன்று மாலை அண்ணன் மகள் போன் செய்தாள். "சித்தப்பா, வில்லனுங்களைப் பத்தி ஏதோ புத்தகம் போடறீங்களாமே? அப்பா உங்களை வரச் சொன்னாரு."

"எதுக்கும்மா?"

"எங்கிட்ட சொல்லுவாரா? உங்க அண்ணன்தானே, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்ததால்தான் அடுத்த நாள் போகாமல் அதற்கடுத்த நாள் போனேன்.

அண்ணன் நகரத்துத் தண்ணீர் நிலையத்தில் தொட்டிக் காவலராக இருந்தவர். வருடத்துக்கு இரண்டு முறை பெரிய தொட்டிகளை வடித்துவிட்டு, ஆட்கள் ஏணி வழியாக உள்ளே இறங்கிச் சுவரைத் தேய்ப்பார்கள். மூடிக்குப் பக்கத்தில் ஆணி அடித்த ஒரு பலகை இருக்கும். இறங்குகிறவன் தன் எண் போட்ட தகர வில்லையை ஆணியில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். ஏறி வந்ததும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பலகை காலியானால் உள்ளே ஆள் இல்லை என்று கணக்கு. அப்புறமும் மூடுகிறவர் தொட்டிக்குள் தலையை நீட்டி மூன்று முறை குரல் கொடுப்பார். அண்ணனின் குரல் அந்தக் காலத்தில் அடுத்த தெரு நாய் எழுந்து நிற்கிற குரல். அன்றைக்கு அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. காற்றுதான் வந்தது. எல்லாரும் ஏறி வந்து வில்லைகளை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அதில் ஒருவன் மட்டும் மூக்குக் கண்ணாடியை உள்ளே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறான். அதை எடுக்கத் திரும்ப இறங்கினான். ஒரு நிமிட வேலை. ஒரு நிமிடத்துக்கு யார் வில்லை மாட்டுவார்கள்? அண்ணன் பலகையைப் பார்த்தார். காலி. மூடியைச் சாத்தினார், தொட்டிக்குத் தண்ணீர் விடும் திருகைத் திறந்தார்.

விசாரணையில் ஒரே கேள்விதான் கேட்டார்களாம். குரல் கொடுத்தாயா? வேலை போயிற்று. அதற்குப் பிறகு வீடு வீடாகப் போய்க் குழாய் பழுது பார்த்தார். அடுத்த வருடம் எனக்கு இருபத்தெட்டாம் இதழுக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். வில்லனுக்கு ஒரு முன்கதை தேவைப்பட்டது. கைக்கெட்டியதை எடுப்பவன்தானே எழுத்தாளன். எனக்குக் கை நீளம், எட்டியது அண்ணன் வரைக்கும். தண்ணீர் நிலையம், பலகை, வில்லை எல்லாவற்றையும் அப்படியே வைத்தேன். ஒன்றை மட்டும் மாற்றினேன். என் ஆள் வேண்டுமென்றே மூடினான். மூடிவிட்டுச் சிரித்தான். குரலே வராமல் நின்ற மனிதனுக்கு நான் மூன்று கட்டம் நிறைய 'ஹா ஹா ஹா' கொடுத்திருந்தேன். அண்ணன் படக்கதை படிக்கிற ஆள் இல்லை என்று நினைத்தேன். பள்ளியிலிருந்து மகள் கொண்டுவந்த இதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம், "படம் நல்லாருக்கு" என்றார். அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடமாக அவ்வளவுதான்.

இப்போது அவர் கட்டிலில் மூன்று தலையணைகள் வைத்துச் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய். பக்கத்தில் ஓர் இயந்திரம் அவருக்குப் பதிலாகப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மருத்துவர் சொன்ன கெடுவில் பாதி முடிந்துவிட்டது என்று வாசலிலேயே மகள் சொல்லியிருந்தாள். முகத்தில் மிச்சமிருந்ததெல்லாம் புருவம்தான்.

"என்னடா, உன் ஆளு எப்படி இருக்கான்?"

"யாருண்ணே?"

"அதான், துருவாசன்."

அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் முறை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். முழுதாக உட்காருகிற தகுதி போய்விட்ட மாதிரி இருந்தது.

"புத்தகத்துல அவனும் வர்றானா?"

"வர்றான். கடைசிப் பக்கம்."

"கெட்டி அட்டையாமே."

"ஆமாண்ணே."

"கெட்டி அட்டைன்னா ரொம்ப நாள் இருக்கும்." மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். "அவன் வேணும்னு மூடலடா."

"கதைக்காகத்தாண்ணே அப்படி..."

"கதைக்கு வேணும்னா என் காலை வெட்டிக்க. கையை வெட்டிக்க. நான் எதாவது கேட்டேனா? அந்த ஒரு வார்த்தைதான்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "செத்தவனோட பொண்ணு இவகூட ஒரே வகுப்புதான். 'உங்கப்பா சிரிச்சாராமே'ன்னு கேட்டிருக்கு. இவ வந்து எங்கிட்ட கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? அச்சுல வந்திருக்கே."

மாற்றிவிடுகிறேன் என்றேன். சத்தியம் என்றேன். சும்மா சொன்னாலே போதும், சத்தியமெல்லாம் எதுக்கு, உன் சத்தியம் எனக்குத் தெரியாதா என்றார். சிரிக்கப்போய் இருமினார். மகள் ஓடி வந்து முதுகைத் தடவிக்கொண்டே என்னை முறைத்தாள்.

எழுதினேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு கவனமாக நாலு வரி எழுதியதில்லை. 'தண்ணீர் நிலையத்தில் வேலை பார்த்தபோது, உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் தொட்டியை மூடினான்.' அடுத்த நாள் ஆசிரியர் அந்தத் தாளைப் பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல் நுனியில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"சார், தெரியாம மூடினவன் எப்படி சார் வில்லன்?"

"அதுதான் மேடம் அவனோட கஷ்டமே."

"இருபத்தெட்டாவது இதழ், நாலாம் பக்கம். மூணு கட்டத்துக்குச் சிரிக்கிறான். யார் எழுதினது?"

"நான்தான்."

"அப்ப உங்களுக்கும் உங்களுக்கும்தான் சண்டை. நடுவுல நான் எதுக்கு?"

"அன்னிக்கு அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது மேடம்."

"யாருக்கு?"

"துருவாசனுக்கு."

ஓய்வு பெறப்போகிறவர்களைப் பார்க்கிற கருணையோடு என்னைப் பார்த்தார். கேலி செய்யவில்லை. செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். பழைய கட்டத்தில் வந்தது மட்டும்தான் புத்தகத்தில் வரலாம், புது முதலாளியின் கட்டளை. நிஜமாகவே தெரியாமல் செய்தவன் என்றால் அவன் வில்லனே இல்லை; எடுத்துவிடலாம். முன்பக்கம் மூன்று, வில்லன்கள் அறுபத்தொன்று, ஆக அறுபத்து நாலு பக்கம், பதினாறு பதினாறாக நாலு ஃபாரம். துருவாசன் போனாலும் நஷ்டமில்லை, அந்தப் பக்கத்தில் கதாநாயகனின் தண்ணீர் பாட்டில் விளம்பரம் போட்டுக்கொள்ளலாம். "வச்சா வேணும்னே மூடினவனா வைக்கணும். இல்லன்னா இல்லவே இல்ல. நீங்களே சொல்லுங்க சார். மூணு மணிக்கு ஃபாரம் அச்சுக்குப் போகுது."

மேசைமேல் கடைசி மெய்ப்பு இருந்தது. குற்றம் என்ற இடத்தில் 'வேண்டுமென்றே' என்ற பழைய வார்த்தை திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. கீழே எழுத்தாளர் கையெழுத்துக்குக் கோடு. இரண்டே முக்காலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போன் செய்தேன். மகள்தான் எடுத்தாள். பின்னால் இயந்திரத்தின் பெருமூச்சு கேட்டது.

"அப்பா இப்பதான் கண்ணசந்தாரு. எழுப்பவா சித்தப்பா?"

எழுப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். அவருடைய வாழ்க்கை, அவர் வேண்டாம் என்றால் விளம்பரம் வந்துவிட்டுப் போகட்டும். "வேண்டாம்மா, தூங்கட்டும்" என்றேன். எவ்வளவு இங்கிதமான தம்பி. முதல் தடவையும் கேட்கவில்லை, இரண்டாம் தடவையும் கேட்கவில்லை. கூடவே ஒன்று இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்: முப்பது வருட வேலையில் எனக்கென்று ஒரு பெயரோடு கெட்டி அட்டைக்குள் போகப்போகிற ஒரே பிள்ளை அவன். கையெழுத்துப் போட்டேன். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் மிச்சம் இருந்தது.

புத்தகம் வர ஐந்து வாரம் ஆயிற்று. எடுத்துக்கொண்டு போகாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். மகளே போன் செய்து, "கடையில வந்துடுச்சாமே, அப்பா தினமும் கேக்கறாரு" என்றாள்.

பகல் பதினொரு மணி. ஜன்னல் வெளிச்சம் கட்டிலின் குறுக்கே விழுந்திருந்தது. அண்ணன் இன்னும் சிறுத்திருந்தார். தலையணைகள் மட்டும் நாலாகியிருந்தன. புத்தகத்தை மடியில் வைத்தேன். அட்டையை முதலில் விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார், குழாயைத் தட்டிப் பார்ப்பதுபோல. பிறகு பின்பக்கமாகத் திறந்தார். கடைசிப் பக்கம் என்று நான் சொன்னதை மறக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எடை, உயரம் என்று விரலை வரிவரியாக இறக்கினார். உயரத்தில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு குற்றத்துக்கு வந்தது. அங்கேயே இருந்தது.

நான் காரணங்களைத் தயாராக வைத்திருந்தேன். ஃபாரம், புது முதலாளி, தண்ணீர் பாட்டில். ஒன்றும் வாயில் வரவில்லை. அன்றைக்கு எனக்குத் தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை.

"பேனா இருக்கா?" என்றார்.

சட்டைப்பையைத் தடவினேன். இல்லை.

"நீயெல்லாம் ஒரு எழுத்தாளன்" என்றார், கோபமே இல்லாமல். மகள் சமையலறை நாள்காட்டியில் கட்டித் தொங்கவிட்டிருந்த பேனாவை நூலோடு அறுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். புத்தகம் மடியில் வழுக்கியது. நான் குனிந்து இரண்டு கையாலும் பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வார்த்தையின் முதல் எழுத்தில் முனையை வைத்துக் கடைசி எழுத்துவரை இழுத்தார். வழவழ தாளில் மை பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தார். இன்னும் அழுத்தினார். மகள் பேனாவை வாங்கி உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தாள். அங்கே நீலமாக எழுதியது. திரும்பக் கொடுத்தாள்.

"எழுதுதா?" என்று கேட்டார். கண்ணாடிக்குள் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது, அவருக்குத் தெரியவில்லை.

"எழுதுதுண்ணே" என்றேன்.

விடாமல் இழுத்துக்கொண்டிருந்தார். பேனா போன வழியெல்லாம் நிறமில்லாத பள்ளம். சாய்ந்து விழுந்த வெளிச்சத்தில் அது மட்டும் மினுங்கியது. அடியில் வார்த்தை ஓர் எழுத்துக்கூடக் கலையாமல் கறுப்பாக இருந்தது. என் கட்டைவிரல்கள் தாளை அழுத்தி வெளுத்துப் போயிருந்தன. அவர் இன்னும் நிறுத்தவில்லை.