உறை மாறிய பதில்

பழைய பாலம் தாங்குமா என்று அமைச்சர் ரகசியமாகக் கேட்டிருந்தார். தாங்காது என்ற என் பதிலை எதிர்க்கட்சிப் பெண் உறுப்பினர் ஒருவரின் உறையில் தவறிப் போட்டு, ஒட்டி, கையோடு கொடுத்தும் விட்டேன்.

சட்டமன்ற ஆய்வுப் பிரிவில் எங்களுக்கு இரு பக்கமும் ஒன்றுதான். ஆனால் ஒருவர் கேட்டது மற்றவர் காதுக்குப் போனால் வேலை போய்விடும். பிரிவுத் தலைவியிடம் சொன்னேன். "பாக்கலாம்" என்றார்.

இடைவேளை வரை அதிகாரிகள் வரிசையிலிருந்து எழ முடியாது. இரண்டு கட்சிக்கும் நடுவில் நடுநிலை முகத்தோடு உட்கார்ந்திருந்தேன்; கண் மட்டும் எதிர்க்கட்சிப் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

மணி அடித்ததும் அந்த அம்மாவை மடக்கினேன். "மேடம், அதைச் சபையில பேசிட மாட்டீங்களே?"

"உன்னைப் பாத்தா பாவமாத்தான் இருக்கு, தம்பி. ஆனா என் தொகுதி ஜனங்க தினமும் அந்தப் பாலத்துலதான் போறாங்க. பேசத்தான் போறேன்."