கடலுக்கே போகாத அப்பா

எங்கப்பா கடல்ல மூழ்கிச் செத்துப்போன விஷயம் எனக்கு ஆபீஸ்ல வெச்சுதான் தெரிஞ்சுது. பக்கத்து சீட்டுக்காரி போனை நீட்டி, "லீவுக்கு நாங்க இதுக்குத்தான் போகப்போறோம், உங்க ஊர்தானே?"ன்னு கேட்டா. துறைமுகத்துல நடந்துக்கிட்டே சாப்பாடும் ஒயினும் ருசி பாக்கற சுற்றுலா. கடைசியா போற இடத்துக்குப் பேரு 'துறைமுகத்து விதவையின் சமையலறை'. போட்டோவுல அடுப்பு பக்கத்துல கரண்டியோட நின்னுக்கிட்டிருந்தது எங்கம்மா. கீழ யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார்: கணவரைக் கடலுக்குக் கொடுத்த அந்தத் தாயின் கையால் சாப்பிட்டபோது கண் கலங்கிவிட்டது, ஐந்து நட்சத்திரம்.

முந்தின ஞாயித்துக்கிழமைதான் அப்பா என்கூட போன்ல பேசினார். "ஏம்பா இப்படிக் கிசுகிசுன்னு பேசறீங்க?"ன்னு கேட்டதுக்கு, தொண்டை கட்டியிருக்குன்னார். தொண்டை கட்டல, வாயைத்தான் கட்டியிருக்காங்கன்னு இப்பதானே புரியுது. கூடத்துல விருந்தாளிங்க உட்கார்ந்து மென்னுக்கிட்டிருந்திருப்பாங்க.

நான் கோபக்காரின்னு வீட்ல எல்லாருக்கும் தெரியும். மின்சார ஆபீஸ்ல புகார் வாங்கற பிரிவுல இருக்கேன். நாள் முழுக்க ஊர்க்காரங்க கோபத்தை வாங்கி வைக்கிறதுதான் பொழப்பு. என் கோபத்தை வாங்கி வைக்க எந்த ஆபீஸும் கிடையாது, அதனால அது வட்டி போட்டுக்கிட்டே இருக்கும். அங்க கைடு வேலை பாக்கற தம்பிக்கு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். கேட்டா பூசி மெழுகிடுவான். சின்ன வயசுலேர்ந்தே வாய்க்குள்ள எண்ணெய் ஊத்தின மாதிரி வழுக்குவான். அதனால வீட்டுக்காரர் பேருல சுற்றுலாவுக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கிட்டு பஸ் ஏறினேன். அப்பாவைத் திரும்பக் கூடத்துல உட்கார வெச்சுட்டுத்தான் ஊருக்குத் திரும்பறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

கூடற இடம் பழைய சுங்கக் கட்டடத்து வாசல். என் தம்பி தலையில வெள்ளைத் தொப்பி, அதுல தங்கக் கலர்ல நங்கூரம். எல்லாரும் அவனைக் கேப்டன்னு கூப்பிட்டாங்க. நீச்சல் தெரியாத கேப்டன். என்னைப் பார்த்ததும் திருதிருன்னு முழிச்சான்.

"அக்..." வரைக்கும் வந்துடுச்சு.

"டிக்கெட் இருக்கு கேப்டன். நடங்க போகலாம்"னேன்.

எல்லார் முன்னாடியும் என்னை என்ன பண்ண முடியும் அவனால? நடந்தான். கூட வந்தவங்க அதிகமில்ல. கல்யாணம் ஆகி இன்னும் ஒருத்தர் கையை ஒருத்தர் விடாத ஒரு ஜோடி. அப்புறம் அம்மா வயசுல ஒரு அம்மா, கையில எப்பவும் மடிச்ச கைக்குட்டை. போற வழியிலேயே எங்கிட்ட சொன்னாங்க: "என் வீட்டுக்காரர் போய் இன்னும் வருஷம் திரும்பலம்மா. ரெண்டு பேரும் சேர்ந்து வரணும்னு பேசி வெச்சிருந்தோம். அந்த சமையலறை அம்மாவை ஒரு தடவை பார்த்து, எப்படிம்மா தாங்கிக்கிட்டீங்கன்னு கேக்கணும்." என் தம்பியோட முதுகையே பார்த்துக்கிட்டு நடந்தேன்.

முதல்ல ஒயின் கடையோட நிலவறை. படியிறங்கினா ஈரக் கல்லு, பீப்பாய், ஒரே புளிச்ச வாசனை. ஒயினை ஊத்தி, கிளாஸைச் சுத்தணும், மோந்து பாக்கணும், வாய்ல வெச்சுக் கொப்பளிச்சுட்டு வாளியில துப்பணும்னு தம்பி சொல்லிக்கொடுத்தான். காசு குடுத்து வாங்கினதைத் துப்பறதுக்கு ஒரு பயிற்சி. நான் முழுங்கிட்டேன்.

"இதுல கடல் காத்தோட உப்பு தெரியுதா?"ன்னு கேட்டான். ஜோடி ரெண்டும் தெரியுது தெரியுதுன்னு தலையாட்டுச்சு. "எங்கப்பா கடைசியா கப்பல் ஏறின ராத்திரி இந்த ஒயினைத்தான் குடிச்சார். அன்னிக்கு அலை இந்தச் சுவர் உயரம்."

எங்கப்பா கப்பல் ஏறினதே கிடையாது. துறைமுகத்துல கிரேன் ஓட்டினவர். மத்தவங்க கப்பல்ல சரக்கை ஏத்தினார், இறக்கினார், சாயந்தரம் கையைக் கழுவிட்டு வீட்டுக்கு வந்தார். எங்களை ஒரு தடவை படகுல கூட்டிட்டுப் போய், கரையைத் தாண்டறதுக்குள்ள வாந்தி எடுத்து, அதோட கடலுக்கு ஒரு கும்பிடு போட்டவர். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துடுச்சு, பேச்சும் கொஞ்சம் குழறும். மத்தபடி ஆள் குத்துக்கல்லாட்டம் இருக்கார்.

அடுத்தது மீன் வறுக்கற கடை, அதுக்கப்புறம் பாலாடைக்கட்டி விக்கற கடை. ஒவ்வொரு கடையிலயும் அப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமா கொன்னான். மீன் கடையில புயல் வந்துச்சு. பாலாடைக்கட்டி கடையில அம்மா கரையில நின்னு காத்திருந்தா. கைக்குட்டை அம்மா சாப்பிடாம அழுதுக்கிட்டிருந்தாங்க, அவங்க தட்டுல பாலாடைக்கட்டி அப்படியே வேர்த்துக்கிட்டு இருந்துச்சு. இப்படியா ஒரு பொம்பளை காதுல பூ சுத்தறது?

சந்துல திரும்பறப்ப அவனை ஓரமா இழுத்தேன்.

"உயிரோட இருக்கற மனுஷனை வெச்சு என்னடா வித்துக்கிட்டு இருக்கே?"

"அக்கா, மெதுவா பேசு. அப்பாகிட்ட கேட்டுட்டுதான் பண்றேன்."

"அவருக்குப் பேச்சே பாதிதான் வருது. நீ கேட்டியாம், அவர் ஒத்துக்கிட்டாராம்."

"மத்த கைடுங்க கையில கோட்டை இருக்கு, அரண்மனை இருக்கு. நம்மகிட்ட என்ன இருக்கு? ஒரு அடுப்பு. வெறும் அடுப்பைப் பாக்க யார் வருவா? கதை இருந்தாத்தான் வராங்க." தொப்பியைக் கழட்டி நெத்தியைத் துடைச்சுக்கிட்டான். "நீ வந்து ஒரு நாள் கத்திட்டுப் போயிடுவே. தினம் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டறது யாரு? நான்தானே?"

அது உண்மைதான். அதனால இன்னும் கோபம் வந்துச்சு. குளிப்பாட்டற கையாலேயே கொல்லுவியான்னு கேக்கறதுக்குள்ள அந்தப் புது மாப்பிள்ளை, "கேப்டன், அடுத்து விதவை வீடுதானே?"ன்னு குரல் கொடுத்தான்.

எங்க வீடு கயிறு கிடங்குக்குப் பின்னாடி. கூடத்துல பெரிய ஜன்னல், அதுல கிரேனெல்லாம் வரிசையா தெரியும். அந்த ஜன்னலோரம்தான் அப்பா கட்டில் போட்டிருந்தோம், இனிமே வேலைக்குப் போக முடியாதுன்னாலும் பார்த்துக்கிட்டாவது இருக்கட்டும்னு. இப்ப கட்டிலைக் காணோம். அந்த இடத்துல நீள மேஜை, சுத்தி நாற்காலி, சுவத்துல பழைய வலையெல்லாம் தம்பி மாட்டி வெச்சிருந்தான். நடுவுல அப்பா போட்டோ. அதுக்கு முன்னாடி ஒரு மெழுகுவத்தி எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. சாமான் போட்டு வெக்கற பின் அறையோட கதவு சாத்தியிருந்துச்சு.

அம்மா என்னைப் பார்த்தா. கரண்டி அப்படியே நின்னுச்சு. அப்புறம் ஒண்ணும் நடக்காத மாதிரி எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, எனக்கும் சொன்னா. பெத்த அம்மா எனக்கு வணக்கம் சொன்னா. கைக்குட்டை அம்மா எழுந்து போய் அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. அம்மா அவங்க முதுகைத் தட்டிக்கொடுத்தா, முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பவே இல்ல.

தம்பி ஒயின் ஊத்தினான், ரொட்டி வெச்சான். மீன் குழம்பு கொதிச்சு இறங்கிடுச்சு, ஆனா பரிமாறல. எனக்குத் தெரியும் ஏன்னு. எங்க வீட்ல அப்பா உப்பு பாக்காம எதுவும் அடுப்படியை விட்டு வெளிய வராது. அம்மாவுக்கு உப்பு கை நிக்காது, கல்யாணம் ஆன புதுசுலேர்ந்து இதே பழக்கம். அப்பா ஒண்ணும் பெரிய ருசிக்காரர் இல்ல, 'சரியா இருக்கு', 'கம்மியா இருக்கு', இந்த ரெண்டைத் தவிர வேற பேச்சு கிடையாது. ஆனா அது வந்தாத்தான் அம்மாவுக்குக் கை ஓடும்.

பார்த்துக்கிட்டே இருந்தேன். அம்மா கரண்டியில கொஞ்சம் குழம்பை எடுத்து ஊதி ஆத்தினா. பின் அறைக் கதவைத் திறந்து உள்ள போனா, சாத்திக்கிட்டா. திரும்பி வந்து ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கிளறினா. செத்துப்போன மனுஷன் உள்ள உட்கார்ந்து கம்மியா இருக்குன்னு சொல்லியிருக்கார்.

"அங்க என்ன இருக்கு?"ன்னு புதுப்பொண்ணு கேட்டா.

என் தம்பி கொஞ்சம்கூட அசரல. "அப்பாவுக்கு முதல் வாய் வெச்சிட்டு வராங்க. இத்தனை வருஷமா ஒரு நாள்கூட விட்டதில்ல"ன்னான்.

கைக்குட்டை அம்மா தேம்பித் தேம்பி அழ ஆரம்பிச்சுட்டாங்க. என்னால அதுக்கு மேல முடியல. எழுந்து போய் கதவைத் திறந்தேன்.

அரிசி மூட்டைக்கும் துணி மூட்டைக்கும் நடுவுல சக்கர நாற்காலியில அப்பா. ஜன்னல் இல்ல. தலைக்கு மேல ஒரு குண்டு பல்பு. சட்டைக் கழுத்துல குழம்பு ஒரு சொட்டு. என்னைப் பார்த்ததும் முகம் பூரா சிரிப்பு. "வந்துட்டியாம்மா"ன்னார், அதையும் கிசுகிசுன்னு.

"எதுக்கு ரகசியம்? சத்தமா பேசுங்க. இது உங்க வீடு"ன்னு சொல்லி நாற்காலியைத் தள்ளிக்கிட்டுக் கூடத்துக்கு வந்தேன்.

எல்லார் வாயும் நின்னுச்சு. போட்டோவைப் பார்த்தாங்க, அப்பாவைப் பார்த்தாங்க. முடி நரைச்சிருந்துச்சே தவிர அதே மூக்கு, அதே காது. என் தம்பிக்கு மூஞ்சியில ஈயாடல. நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேக்கணும்னு ஊர்லேர்ந்து தயார் பண்ணிக்கிட்டு வந்திருந்தேன். வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அப்பா பேசிட்டார்.

"நான்... அவனுக்கு அண்ணன்"ன்னு போட்டோவைக் காட்டினார்.

எனக்குக் காதுல விழுந்ததை நம்ப முடியல. "அதானே பார்த்தேன், அச்சு அசல் அப்படியே இருக்காரே"ன்னு மாப்பிள்ளைக்கு மூச்சு வந்துச்சு. கைக்குட்டை அம்மா பக்கத்துல வந்து உட்கார்ந்து அப்பாவோட நல்ல கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"உங்க தம்பி எப்படிப்பட்டவர் ஐயா?"

அப்பா போட்டோவைப் பார்த்தார். வார்த்தை வார்த்தையா குழறிக்கிட்டு வந்துச்சு. "நல்லவன்தான். பேச மாட்டான். இவ சமையல் ரொம்ப நல்லா இருக்கும். சரியா இருக்குன்னு மட்டும்தான் சொல்லுவான். நல்லா இருக்குன்னு சொன்னதே இல்ல. பாவம் இவ."

அம்மா அடுப்பு பக்கம் திரும்பிக்கிட்டா. என் தம்பிக்கு உயிர் திரும்ப வந்துச்சு. எப்படியும் தப்பிச்சுட்டோம்னு நினைச்சிருப்பான், கிளாஸைத் தூக்கிட்டான். "கடலோட போன எங்கப்பாவுக்காக"ன்னான். எல்லாரும் எழுந்து நின்னு போட்டோவைப் பார்த்துக் கிளாஸை உயர்த்தினாங்க. கைக்குட்டை அம்மா தன் கிளாஸை அப்பா கையில குடுத்தாங்க. அப்பாவும், தன்னோட சாவுக்கு, இடது கையால நடுங்கிக்கிட்டே அதை மேல தூக்கினார். பெத்த மகன் பேச்சைக் காப்பாத்தணும்ல.

வாய்க்குக் கொண்டு போறதுக்குள்ள அம்மா பாய்ஞ்சு வந்து பிடுங்கிட்டா. மேஜை விரிப்பு பூரா ஒயின்.

"அறிவு இருக்கா உங்களுக்கு? ரத்தத்துக்கு மாத்திரை போட்டுக்கிட்டு இதைக் குடிக்கலாமா? டாக்டர் எத்தனை தடவை சொல்லியிருக்கார்? உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

புருஷனோட அண்ணனை யாரும் அப்படித் திட்ட மாட்டாங்க. அம்மா தன் புடவைத் தலைப்பால அப்பாவோட தாடையைத் துடைச்சா, சட்டையைத் துடைச்சா, அப்புறம் யாரையும் பாக்காம, "இவர்தான். இவர்தான் அது"ன்னா.

கைக்குட்டை அம்மா அப்பா பக்கத்துலேர்ந்து விலகினாங்க. சூடு பட்ட மாதிரி விலகினாங்க. "நான் நிஜமாவே பறிகொடுத்துட்டு வந்திருக்கேன்"னாங்க. "ராத்திரியெல்லாம் இந்த அம்மாவை நினைச்சுத்தான் தைரியம் சொல்லிக்கிட்டேன். அசிங்கமா இல்ல உங்களுக்கு?" அவங்க கோபத்துல ஒரு தப்பும் இல்ல. ஆனா அதை அவங்க கேட்டது அப்பா முகத்தைப் பார்த்து. செத்தவருக்காக வழி பூரா அழுதவங்க, உயிரோட இருக்கார்னதும் அவரைத்தான் வைதாங்க.

அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டார். உயிரோட இருக்கறதுக்கு மன்னிப்பு கேக்கற மாதிரி இருந்துச்சு எனக்கு. அப்புறம் மெல்ல நிமிர்ந்தார். நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நின்ன என்னையோ, பக்கத்துல நின்ன அம்மாவையோ பாக்கல. என் தம்பியைப் பார்த்தார்.

"நான் உள்ள போயிடட்டுமாப்பா?"

அவன் வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. அப்பான்னு கூப்பிட்டிருந்தாலே போதும். அந்தப் பாவி முதல்ல விருந்தாளிங்க முகத்தைத்தான் பார்த்தான், யாராவது இருக்காங்களா, எழுந்து போயிட்டாங்களான்னு.

கையை ஓங்கிட்டேன். சின்ன வயசுல வாங்கினதெல்லாம் மறந்து போற அளவுக்கு ஒண்ணு வெக்கணும்னுதான் ஓங்கினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டா. ஈரக் கை, உப்புக் கை.

"அவனை மட்டும் அடிக்காதே. தினமும் மெழுகுவத்தி ஏத்தினது நான்"னா.

கையை விடவே இல்ல அவ. நானும் இறக்கல. அப்பா இன்னும் பதிலுக்குக் காத்துக்கிட்டு இருந்தார்.