பழைய மோடம் இருக்கட்டும்

நெட் நின்றால் சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்கூட்டர் ஹாரன் அடிக்கும். இரண்டு முறை. சுப்பராயலு எழுந்து மாடிப்படி ஜன்னலுக்குப் போவார். அங்கே இருக்கும் மோடத்தை அணைத்து, சற்றுப் பொறுத்துப் போடுவார். சிவப்பு விளக்கு பச்சையாகும்வரை நிற்பார். பிறகு வந்து உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து பேப்பர் படிப்பார்.

ஹாரன் அடிப்பது அவருடைய தம்பி குமரவேல். முடிச்சூரில் அப்பா கட்டிய வீட்டை இருவரும் பாதியாகப் பிரித்தபோது, மாமரம் யார் பக்கம் என்பதில் சண்டை வந்தது. பேச்சு நின்றது. மரம் தம்பி பக்கம் போனது. அவர் அதை வெட்டிவிட்டு அந்த இடத்தில் கார் நிறுத்தினார். இன்டர்நெட்டைப் பிரிக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. இணைப்பு அண்ணன் பெயரில் இருந்தது. பாஸ்வேர்டு இரண்டு வீட்டுக்கும் தெரியும். அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஹாரன் கேட்டால் சுப்பராயலுவின் மனைவி பச்சையம்மா சொல்வாள். "உங்க தம்பி பேசறாரு. போய் பதில் சொல்லிட்டு வாங்க."

மகள் தேவதர்ஷினிக்கு வீட்டிலிருந்தே வேலை. மீட்டிங் நடுவில் அவள் முகம் உறைந்துபோகும். வாய் திறந்த நிலையில் உறைந்த ஒரு முகத்தை யாரோ ஸ்டிக்கராக்கி ஆபீஸ் குரூப்பில் போட்டிருந்தார்கள். நெட் சரியில்லை என்றால் தினமும் சோழிங்கநல்லூர் ஆபீசுக்கே வந்துவிடலாமே என்றார் மேனேஜர். அன்பாகத்தான் சொன்னார். அன்றே அவள் வேகமான பிளானுக்கு மாறினாள். வேகம் மாறவில்லை.

இன்டர்நெட் கம்பெனியிலிருந்து வெற்றிவேல் வந்தான். மோடத்தின் அடிப்பக்கத்தைப் படித்தான்.

"லைன்ல ஸ்பீடு ஃபுல்லா வருது சார். இதுதான் தாங்கல. பழசு. புதுசு ஃப்ரீயா குடுக்கறாங்க, மாத்திடலாம்."

"ஸ்பீட ஏத்து. பொட்டிய தொடாத," என்றார் சுப்பராயலு.

"பொட்டி வழியாதான் சார் ஸ்பீடு வரணும்."

"அது உங்க கம்பெனி பிரச்சனை."

"அப்பா, சித்தப்பாவுக்கு புது பாஸ்வேர்டு நான் போய் சொல்லிடறேன்," என்றாள் தேவதர்ஷினி.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்."

"பாஸ்வேர்டு மாத்தவே வேணாம் மேடம்," என்றான் வெற்றிவேல். "பழைய பேரு, பழைய பாஸ்வேர்டே புதுசுல போட்டுடறேன். பக்கத்து வூட்ல மாத்துனதே தெரியாது."

சுப்பராயலு புது மோடத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது அப்பப்ப நின்னு போவுமா?"

"நிக்காது சார்."

"எப்பவாச்சும்?"

"சார், நிக்கவே நிக்காது. நான் கேரன்டி."

அவர் மோடத்தை அவன் கையில் கொடுத்தார்.

"வேணாம்."

வெற்றிவேல் தேவதர்ஷினியைப் பார்த்தான். அவள் அம்மாவைப் பார்த்தாள். பச்சையம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நின்னாதான அவரு தம்பி ஹாரன் அடிப்பாரு," என்றாள்.

பெருங்களத்தூர் பக்கம் ஒரு ரயில் போனது.

"அப்ப ரெண்டையும் வெச்சிக்கலாம்," என்றான் வெற்றிவேல்.

புதியதை தேவதர்ஷினியின் அறையில் மாட்டினான். அதிலிருந்து ஒரு ஒயரை இழுத்து ஜன்னலில் இருந்த பழையதில் செருகினான். தேவதர்ஷினி போனில் வேகத்தை அளந்தாள். இரண்டாவது முறையும் அளந்தாள். சிரித்தாள்.

"பழசு எப்பவும் போலத்தான இருக்கும்?" என்றார் சுப்பராயலு.

"அதுக்கும் நல்லதுதான் சார். மேடம் லோடு அதுமேல இல்ல பாருங்க. இனிமே அதுவும் நிக்காது."

சுப்பராயலு அவனுக்கு மோர் கொடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தேவதர்ஷினியின் முகம் அதற்குப் பிறகு உறையவில்லை. ஹாரனும் அடிக்கவில்லை. ஒரு நாள் அடித்தது. சுப்பராயலு பேப்பரை மடித்துவிட்டு எழுந்தார். தெருவில் சிலிண்டர் வண்டி. எழுந்ததுதான் எழுந்தோம் என்று ஜன்னலுக்குப் போய் மோடத்தின் மேல் கை வைத்துப் பார்த்தார். சூடுகூட இல்லை.

"காய்ச்சல் பாக்கறீங்களா?" என்றாள் பச்சையம்மா.

மழைக்காலம் வந்தது. போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபி குடித்து முடித்ததும் சுப்பராயலு போய் ஜன்னல் மோடத்தை அணைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்து பேப்பரை விரித்தார்.

ஹாரன் அடிக்கவில்லை.

ஒரு பக்கம் படித்தார். அதையே மறுபடியும் படித்தார்.

"அவங்க தனியா கனெக்ஷன் வாங்கிட்டாங்களோ என்னவோ," என்றாள் தேவதர்ஷினி. சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தாள்.

சுப்பராயலு பக்கத்தைத் திருப்பவில்லை.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. குமரவேல் லுங்கியில், கையில் போனோடு வந்து வாசற்படிக்குக் கீழே நின்றார். பார்வை அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்த தூணின் மேல் இருந்தது.

"ஹாரன் அடிக்கல," என்றார்.

"ஆங்."

"ரொம்ப நாளா வண்டிய தொடல. காருதான் எடுக்கறது. பேட்டரி எறங்கிப் போச்சு."

"சரி."

"நெட்டு நின்னுகினு கீது."

"பாக்கறேன்."

சுப்பராயலு போய் மோடத்தைப் போட்டார். சிவப்பு விளக்கு வந்தது. அவர் திரும்பி வந்தபோது பச்சையம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தாள். குமரவேல் அதில் உட்கார்ந்திருந்தார். நுனியில்.

"வந்துச்சா?"

"பழசு. கொஞ்சம் நேரம் எடுக்கும்."

"புதுசு ஒண்ணு வாங்கிப் போடறது?"

"எதுக்கு? இதுவே நல்லாதான் கீது."

குமரவேல் யோசித்தார்.

"அதுவும் சரிதான்," என்று நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

சுப்பராயலு உட்கார்ந்த இடத்திலிருந்து மாடிப்படி ஜன்னல் தெரியும். விளக்கு பச்சையாகியிருந்தது. அவர் சொல்லவில்லை. குமரவேலின் மடியில் கவிழ்ந்திருந்த போன் வரிசையாக நாலைந்து முறை சத்தம் போட்டு அடங்கியது. அவரும் அதை எடுக்கவில்லை.

"இன்னும் வர்லபோல," என்றார்.

"வரும்," என்றார் சுப்பராயலு. "காபி குடி."