மூன்றாம் உலை ஆறிய நாள்

கண்ணாடித் தொழிற்சாலையின் மூன்றாம் உலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் குட்டிப் பிரபஞ்சம் ஒன்று பிறந்தது. பூசணிக்காய் அளவு இருக்கும். உள்ளே வெள்ளை மூட்டம். அதைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை. பத்தாயிரம் டிகிரி என்று வெப்பம் அளக்கும் பெண் பலகையில் எழுதினாள். உலை ஏன் உருகவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நல்ல செங்கல் என்றார்கள்.

சனிக்கிழமைக்குள் உள்ளே ஏதாவது உருவாகாவிட்டால் உலையை இடித்து எல்லாவற்றையும் வாரிக் கொட்டிவிடப் போவதாக முதலாளி சொல்லிவிட்டார். வெப்பம் அளப்பவளின் கணவர்தான் உலை மேஸ்திரி. அவருக்கோ அது பெற்ற பிள்ளை மாதிரி ஆகியிருந்தது. பதினெட்டு வருடமாக உலையைத் தணியவே விடாதவர் என்பதால், உலைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தார்: இன்னும் எரித்தார். உள்ளே துகள்கள் ஒன்றையொன்று பிடிப்பதும், வெளிச்சம் மோதிப் பிரித்துவிடுவதுமாக மூன்று நாள் போயிற்று.

வெள்ளிக்கிழமை மதியம் மனைவி பலகையைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, கொதிக்கிற வீட்டுல யாராவது சம்பந்தம் பேசுவாங்களா? கொஞ்சம் ஆற விடுங்க."

"தீயை அணைச்சா நாளைக்கு ஊரே சிரிக்கும்டி!"

"இப்ப மட்டும் என்ன, மாலையா போடுறாங்க?"

கூட வேலை பார்த்த அவள் தம்பி சிரித்துவிட்டான்.

"உங்கக்கா வாயைத் தெறந்தா போதும், பல்லைக் காட்டிடுவியே!" என்று முறைத்த மேஸ்திரி, வாழ்நாளில் முதல் தடவையாக எரிவாயுக் குழாயைத் தன் கையாலேயே மூடினார்.

மறுநாள் முதலாளி கடப்பாரை ஆட்களோடு வந்தபோது அவள் எண்களை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். ஐயாயிரம். நாலாயிரம். மூவாயிரம் என்றதும் ஓர் எலக்ட்ரான் ஒரு புரோட்டானைப் பிடித்தது; பிடித்த பிடியை விடவில்லை. முதல் அணு! அதைத் தொடர்ந்து அடுத்தது, அடுத்தது. இனிப் பிரிக்கத் தெம்பில்லாத வெளிச்சம், வழி கிடைத்த மகிழ்ச்சியில் உலைவாயைத் தாண்டிப் பாய்ந்து, பட்டறையை நிறைத்து, தெருவில் பேருந்துக்கு நின்றவர்களின் முகங்களில் பொன்னாக விழுந்தது. மூட்டம் அடியோடு விலகியது. கடப்பாரைக்காரர்கள் கடப்பாரையைப் போட்டுவிட்டுக் கைதட்டினார்கள். மேஸ்திரி மனைவியின் கரி படிந்த கையைப் பிடித்து, எல்லோரும் பார்க்க உயரத் தூக்கினார்.

பிரபஞ்சம் வளர வளர, வருடத்துக்கு ஒருமுறை சுவரைத் தள்ளிக் கட்டினார்கள். நட்சத்திரங்கள் வந்தன. இப்போது உள்ளே மைனஸ் இருநூற்று எழுபது டிகிரி. அவள்தான் இன்றும் எழுதுகிறாள். குடிநீர்ப் பானையை அதன் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் நன்றாகக் குளிர்கிறது.