வேரோடு போன மண்

நாற்றுக்கூடத்தில் அவளைக் கைராசிக்காரி என்பார்கள். அவள் காய்ந்த குச்சியை நட்டாலும் துளிர்க்கும் என்று ஒரு பொய்யையும் சேர்த்துக்கொள்வார்கள். கேட்டுக் கேட்டு அவளுக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது, இல்லையென்று சொல்வதற்கில்லை.

மெத்தைச்செடி என்று ஒன்று, மெத்தைபோலத் தரையோடு ஒட்டிப் படர்வது; மலையில் மரங்களெல்லாம் நின்றுபோன உயரத்துக்கும் மேலே, சரளைச் சரிவில் மட்டும் வளர்வது. உள்ளங்கை அகலம் விரியவே இருபது வருஷம் எடுத்துக்கொள்ளும். ஒரு சரிவில் நாற்பத்தொன்று, எதிர்ச்சரிவில் பத்தொன்பது. உலகத்தில் அவ்வளவுதான் மிச்சம். விதையிலிருந்து எழுபது கன்றுகளை அவள் வளர்த்தெடுத்தாள். அந்த நாற்பத்தொன்றின் நடுவே நட அவற்றை மேலே சுமந்துகொண்டு போனவர் அவளுடைய அண்ணன், மலைக்காவலர். ஐம்பதைத் தாண்டிய தங்கையை யார் எதிரில் என்றும் பாராமல் பாப்பா என்று கூப்பிடுகிற மனிதர்.

கன்றை அனுப்புமுன் வேரில் மண்ணே இல்லாமல் அலசிவிட வேண்டும், கீழ்மண் ஒரு துளிகூட மலைக்குப் போகக்கூடாது என்று ஆராய்ச்சி அதிகாரி எழுதிக் கொடுத்திருந்தார். அவளும் முதலில் பத்தை அலசித்தான் பார்த்தாள். மூன்றே நாளில் ஏழு சுருண்டுபோயின. பெற்ற பிள்ளைபோல வளர்த்ததைக் கழுவிக் கொல்ல அவளுக்கு மனசு கேட்கவில்லை. எதையும் தாய்மண்ணோடு பெயர்த்து நடுவதுதான் முப்பது வருஷமாக அவள் கை பழகிய வழி. மீதி அறுபதின் வேரிலும் ஒரு பிடி மண்ணை விட்டு, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தாள். எல்லாவற்றையும் அலசியாயிற்று என்று படிவத்தில் கையெழுத்தும் போட்டாள்.

மலையில் நட்ட அந்த அறுபதில் ஒன்றுகூடச் சாகவில்லை. அதிகாரி அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்.

இரண்டாவது கோடையில் மலையிலிருந்த பழைய செடிகள் அடியிலிருந்து பழுப்பேறத் தொடங்கின. வேரழுகல் நோய் என்றது ஆய்வுக்கூடம். மலையேறுகிறவர்களின் காலணியில் வந்திருக்கும் என்று முடிவு கட்டிய அதிகாரி, கன்றுகள் மட்டும் தெம்பாக நிற்பதைப் பார்த்து, எதிர்ச்சரிவிலும் அவளுடைய கன்றுகளையே நட்டுவிடலாம் என்றார். அழுகல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு மட்டும் தெரிந்தது. அதே அழுகல் நாற்றுக்கூடத்தில் மழைக்கு மழை தலைகாட்டும். அங்கே பிறந்த கன்றுகள் தாங்கிக்கொள்ளும், அவளும் துடைத்துப் போட்டுவிட்டு மறந்துவிடுவாள். மலையில் இருப்பவை அந்த நோயைக் கண்டதே இல்லை.

புதுக் கன்றுகளை எடுத்துப்போக அண்ணன் கூடையோடு வந்தார்.

"இதுங்களைத் தூக்காதண்ணே," என்றாள். "போன தடவை நான் வேரை அலசல. மண்ணோடதான் குடுத்தேன்."

அண்ணன் கூடையைக் கீழே வைத்தார். 

"நான்தானே பாப்பா சுமந்துட்டுப் போனேன்," என்றார்.

அன்றே அதிகாரியிடமும் போய்ச் சொன்னாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. எதிர்ச்சரிவாவது தப்ப வேண்டுமானால், மழைச்சேறு ஆட்டுக்குளம்பிலும் ஆள் காலிலும் ஒட்டி அழுகலை அங்கே கொண்டுபோவதற்குள் இந்தச் சரிவில் நட்டது, பழையது எல்லாவற்றையும் பிடுங்கி எரிக்க வேண்டும் என்றார். அதை நானே செய்கிறேன் என்று அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

எரிப்பதைப் போட ஒரு பையோடு அண்ணனும் கூட ஏறினார். கன்றுகளை மளமளவென்று பிடுங்கிவிட்டாள். பழைய செடிகளிடம் வந்ததும் கை ஓடவில்லை. ஒவ்வொன்றும் கறுத்து, நசநசத்த வேரோடு வந்தது. அதிலும் ஒரு கேவலமான ஆறுதல் இருந்தது. எப்படியும் சாகப்போகிறவைதானே என்று சொல்லிக்கொண்டாள்.

இருபத்தேழாவது செடி ஒரு தட்டு அகலத்துக்கு விரிந்திருந்தது, அவளைவிட வயதில் மூத்தது. வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. முட்டிபோட்டு, இரண்டு கையாலும் இழுத்தாள். வேர் வெள்ளைவெளேரென்று, முறுக்காக, ஒரு புள்ளி கறையில்லாமல் வந்தது.

"அண்ணே, இது நல்லாத்தான் இருக்கு."

அண்ணன் வந்து குனிந்து பார்த்தார். அந்த வேரைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

"பையில போடு பாப்பா."

போட்டாள். இன்னும் பதினான்கு இருந்தன.