மஞ்சள் இறங்காத எட்டாம் நாள்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு யூத குருவான ரபி ஷெமாயா தன் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தினார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, குழந்தையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கட்டைவிரலால் மூக்கு நுனியை அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் எலுமிச்சைத் தோல் மாதிரி தெரிந்தது.

"இன்னைக்கு விருத்தசேதனம் கிடையாது" என்றார்.

ஸிவியா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். புது நீல உடை, தலையில் புதுத் துணி. மண்டபத்தில் எண்பது பேருக்கு மீனும் கூஸ்கூஸும் தயாராகிக்கொண்டிருந்தன. நுனித்தோல் வெட்டும் சடங்கில் குழந்தையை மடியில் ஏந்திக்கொள்ள வேண்டிய அவள் அண்ணன் அஷேர் அதற்கென்றே மர்சேயிலிருந்து விமானம் ஏறி வந்து, வெள்ளைக் கோட்டுடன் கூடத்தில் நின்றான்.

"கிடையாதுன்னா என்ன அர்த்தம் ரபி? எட்டாம் நாள்னு அவன்தானே சொன்னான்?" என்று கூரையைக் காட்டினாள்.

"அவன்தான் சொன்னான். உடம்பு சரியில்லாத புள்ளைன்னா பொறுத்துக்கோன்னும் அவன்தான் சொன்னான். காமாலை மஞ்சள் இறங்கட்டும். நாளைக்கு வர்றேன்."

ஸ்கூட்டர் புகை விட்டுக்கொண்டு போனது. மாமியார் ஃபோர்துனா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு தட்டினாள். "விடும்மா. எல்லாத்துக்கும் அவன் ஒரு நேரம் வச்சிருக்கான்."

ஸிவியா பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்த ஒரு வாக்கியத்தை அவள் ஒன்பது வருஷமாகக் கேட்கிறாள். கல்யாணமான மறுவருஷம் ஃபோர்துனாதான் ஆரம்பித்தாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரி, காய்கறிக்கடைக்காரன், கண்ணாடிக்கடையில் அவளோடு வேலை செய்தவர்கள், பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுத்த பெண் என்று ஏரிக்கரை ஊரான திபேரியாவில் பாதிப் பேர் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறாள். வேறென்ன செய்வது, அடிக்கவா முடியும்? ஒரு வழியாகப் பிள்ளை பிறந்தது, இனி இந்த வாக்கியம் காதில் விழாது என்று நினைத்திருந்தாள். பிறந்த எட்டாம் நாளே திரும்பி வந்துவிட்டது.

அவள் கணவன் ஹனனேல் மூலையில் உட்கார்ந்து எண்பது பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்தான். அவன் ஹைஃபா பஸ் ஓட்டுகிறவன்.

"உன் பஸ் ஒரு நாள் லேட்டா வந்தா ஜனங்க சும்மா விடுவாங்களா?" என்று கேட்டாள்.

"இது பஸ் இல்லையே ஸிவியா" என்றான், போனைக் கையால் மூடிக்கொண்டு. அதற்கு மேல் அவனிடம் பேசிப் பயனில்லை என்று தெரிந்தது.

மண்டபத்துச் சாப்பாடு அண்டா அண்டாவாக வீடு தேடி வந்தது. சமைத்த மீனை என்ன செய்வது? மாடி வீடு, கீழ் வீடு, எதிர் வீடு எல்லோருக்கும் கொடுத்தார்கள். தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்த ஒவ்வொருத்தியும் குழந்தையைப் பார்த்துவிட்டு அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனாள்.

புதன்கிழமையும் மஞ்சள். வியாழக்கிழமை காலையில் ஸிவியா குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடமே போனாள். டாக்டரம்மா குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்து, "நல்லா இறங்கிட்டு வருது, கவலையே வேணாம்" என்று காகிதத்தில் எழுதியும் கொடுத்தாள். அந்தக் காகிதத்தை ரபியின் மூக்குக்கு நேரே நீட்டினாள் ஸிவியா.

அவர் அதைப் பார்க்கவேயில்லை. குழந்தையைத்தான் பார்த்தார். "கண்ணு வெள்ளையில இன்னும் நிக்குது."

"டாக்டர் எழுதியே குடுத்திருக்காங்க!"

"கவலை வேணாம்னு எழுதியிருப்பா. வெட்டுன்னு எழுதியிருக்காளா? இந்தக் கையால ரெண்டாயிரம் புள்ளைங்களுக்குப் பண்ணியிருக்கேன், ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆனதில்ல. ஏன் தெரியுமா? உன்னை மாதிரி யார் கத்தினாலும் நான் கேக்கறதில்ல. சடங்கை அடுத்த வாரம்கூட வச்சுக்கலாம். புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ எங்கே போய்த் தேடுவே?"

"எங்க அண்ணன் சாயங்காலம் ஊருக்குப் போறான்!"

"போகட்டும். அவனுக்கா வெட்டப்போறோம்?"

அஷேர் சாயங்காலம் போய்விட்டான். விடுமுறை அவ்வளவுதான். கோட்டை மடித்துப் பெட்டியில் வைக்கும்போது தங்கை முகத்தைப் பார்க்காமலே வைத்தான். கார் திரும்பி மறைந்ததும் ஃபோர்துனா மருமகளின் முதுகில் கைவைத்து, "அவன் நேரம்..." என்று ஆரம்பித்தாள்.

"அத்தை, போதும்!"

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டாள். "ஒன்பது வருஷம் இதையே கேட்டேன்! மாசாமாசம் குளியலறையில உக்காந்து அழுதுட்டு வெளியே வருவேன், நீங்க கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு இதையே சொல்வீங்க. அவன் நேரம் அவன் நேரம்னா என் நேரம் எங்கே போச்சு? முப்பது வயசுல பெத்திருக்க வேண்டியவ, இப்போ முப்பத்தெட்டு. அவனுக்கென்ன, அவனுக்கு வயசா ஆகுது?"

ஃபோர்துனா கையை எடுத்துக்கொண்டாள். கோபிப்பாள் என்றுதான் ஸிவியா எதிர்பார்த்தாள்.

"வேற என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியலடி" என்றாள் ஃபோர்துனா. "நீ அந்தக் கதவைத் திறந்துட்டு வரும்போது உன் மூஞ்சியைப் பார்ப்பேன். ஒண்ணுமே சொல்லாம நிக்க எனக்குத் துணிச்சல் இல்ல. நல்லதா ஒண்ணு தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?"

ஸிவியாவுக்குக் கோபம் மட்டும் அப்படியே இருந்தது, யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ரபி, "இன்னும் கொஞ்சம்தான்" என்றார். மறுநாள் சபாத், ஓய்வுநாள். எட்டாம் நாளே சபாத்தாக அமைந்தால்தான் சடங்கை அன்று செய்யலாம், தள்ளிப்போனதைச் செய்யக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து மூக்கை அழுத்தினார், கண்ணைப் பிரித்தார், பாதத்தைத் திருப்பினார். "ரோஜா மாதிரி இருக்கான். இன்னைக்கே."

"இன்னைக்கா?" என்று வீட்டில் இருந்த மூன்று பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

அன்றைக்கு தம்மூஸ் மாத விரதம். விடியலிலிருந்து நட்சத்திரம் தெரியும்வரை பச்சைத்தண்ணீர் கிடையாது. ஏரிக்கரையில் நாற்பத்திரண்டு டிகிரி வெயில். விருந்து இல்லை, மண்டபம் இல்லை, அண்ணன் இல்லை. வருஷத்தில் இத்தனை நாள் இருக்க, இதைத்தான் பொறுக்கி எடுத்தானா என்று ஸிவியா கூரையை முறைத்தாள்.

ஜெபாலயத்தில் சாயங்காலப் பிரார்த்தனைக்கு வந்தவர்களே கூட்டம். பதினான்கு ஆண்கள், உதடு வெடித்து, நாக்கு ஒட்டி, சுவரில் சாய்ந்து நின்றார்கள். திரைக்கு இந்தப் பக்கம் ஐந்தாறு பெண்களுடன் ஸிவியா. அஷேர் உட்கார வேண்டிய நாற்காலியில் வேறு ஆளில்லாமல் ஹனனேலே உட்கார்ந்தான். மலைப்பாதையில் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு அலட்டாமல் ஓட்டுகிறவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். குழந்தை ஒரே ஒரு தடவை வீறிட்டது. ஸிவியா திரைத்துணியைப் பற்களால் கடித்திருந்தாள்.

முடிந்தது. ரபி ஒயின் கிண்ணத்தைத் தூக்கி ஆசி சொன்னார். பெயரைச் சொன்னார்: நெரியா. சொல்லிவிட்டுக் கிண்ணத்தை யாருக்குக் கொடுப்பது என்று சுற்றிலும் பார்த்தார். ஆசி சொன்ன ஒயினை உடனே யாராவது குடிக்க வேண்டும். எல்லோரும் விரதம்.

"பெத்தவ எங்கே? முப்பது நாள் ஆகாதவளுக்கு விரதம் கிடையாது. சீக்கிரம், சீக்கிரம்!"

திரை விலகியது. கிண்ணம் கை மாறி அவளிடம் வந்தது. செவ்வாய்க்கிழமை நடந்திருந்தால் ரபி ஒரு வாய் குடித்திருப்பார், அஷேர் ஒரு வாய், ஹனனேல் ஒரு வாய். கிண்ணம் அந்தப் பக்கமே காலியாகியிருக்கும். அவள் எண்பது தட்டுக்கு மீன் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். இது அவளுக்குத் தோன்றியது. தோன்றியதே எரிச்சலாக இருந்தது. ஐந்து நாள் அலைக்கழித்துவிட்டு ஒரு கிண்ணம் கொடுத்தால் சரியாகிவிடுமா? ஒன்பது வருஷத்துக்கு இது காணுமா?

"ஒரு வாய் குடிச்சாப் போதும்" என்றார் ரபி.

ஸிவியா ஒரு வாயில் நிறுத்தவில்லை. இருபது காய்ந்த முகங்கள் பார்த்துக்கொண்டிருக்க, நின்று நிதானமாக, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். குளிர்ச்சியாக, நல்ல இனிப்பாக இருந்தது. யாரோ ஒருவர் எச்சில் விழுங்குகிற சத்தம் கேட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு அழுகையும் வந்தது, இரண்டையும் அவள் அடக்கவில்லை.

நட்சத்திரம் தெரிந்ததும் ஜெபாலய முற்றத்தில் பிளாஸ்டிக் மேசை போட்டார்கள். அவித்த முட்டை, ரொட்டி, தக்காளி, வெட்டிய தர்பூசணி. ஃபோர்துனா இரண்டு டம்ளர் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்துவிட்டு மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எதுவும் சொல்லவில்லை. ஒரு முட்டையை உரித்து உப்புத் தொட்டு அவள் தட்டில் வைத்தாள், இன்னொன்றை உரிக்க ஆரம்பித்தாள்.

ஹனனேல் குழந்தையை யாரிடமும் கொடுக்காமல் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தான்.

"காலையில அஞ்சரைக்கு வண்டி எடுக்கணும் உனக்கு. போய்ப் படு" என்றாள் ஸிவியா.

"இன்னும் ஒரு சுத்து" என்றான் அவன்.